கையேட்டில் இல்லாத 105 அறிவுறுத்தல்கள்

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளைகள் தர்க்கக் கோவைகளைச் சுருக்க உதவும் கட்டமான கார்ணோ வரைபடத்தில் ஒன்றுகளை வட்டமிட்டுச் சுருக்கும்போது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பதுண்டு. 0, 1 சமிக்ஞைகளைக் கையாளும் சிறு சுற்றுகளான தர்க்கப் படலைகளைக் குறைக்கத்தான். அந்தச் சிக்கனம் ஒரு சிப்புக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று காட்ட, 1975இல் மொஸ் டெக்னொலொஜி வெளியிட்ட 6502 என்ற புரொசசரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஊரில் கசெட் செருகி விளையாடிய ரீவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபமிகொம் பெட்டியின் நகல்கள். அவற்றுக்குள் ஓடியதும் இதே குடும்பம்தான்.

6502இன் ஒவ்வொரு அறிவுறுத்தலும் ஒரு பைட் குறியீட்டில் தொடங்கும். ஒரு பைட்டில் 256 குறியீடுகள் அடங்கும். கையேட்டில் இருப்பவை 151. மிச்சம் 105இல் ஒன்றைக் கொடுத்தால்? செல்லாத குறியீடு வந்தால் இன்றைய புரொசசர்கள் அதைப் பிடித்து மறுத்துவிடும். மறுப்பதற்கும் ட்ரான்சிஸ்டர் வேண்டுமே! சில ஆயிரம் ட்ரான்சிஸ்டர்களோடு, 25 டொலருக்கு விற்ற சிப்பில் அதற்கு இடமில்லை. ஆகவே குறியீட்டைப் பிரித்தறியும் பகுதி தனக்கு வேண்டிய பிட்டுகளை மட்டும் பார்க்கும்.

துவிதத்தில், அதாவது 0, 1 மட்டுமுள்ள எட்டு பிட்டுகளாக, எழுதினால் துலங்கும். 10100101 நினைவகத்திலுள்ள எண்ணை, சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடமான ஏ ரெஜிஸ்டரில் ஏற்றும். 10100110 எக்ஸ் ரெஜிஸ்டரில் ஏற்றும். வித்தியாசம் கடைசி இரண்டு பிட்டில்தான்: 01 என்றால் ஏ, 10 என்றால் எக்ஸ். 10100111 கையேட்டில் இல்லை. ஆனால் இரண்டு பிட்டும் 1 என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றாக வேலை செய்து, ஒரே எண் ஏயிலும் எக்ஸிலும் ஏறிவிடும். யாரும் வடிவமைக்காத அறிவுறுத்தல் இது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பிசகாமல் ஓடும்.

சேமிக்கும் பக்கம் இன்னும் அழகு. 10000111 கொடுத்தால் ஏ, எக்ஸ் இரண்டும் ஒரே பாதையில் ஒரே நேரம் வரும். அங்கே எந்தப் பக்கம் 0 வந்தாலும் அந்தக் கம்பி 0 ஆகிவிடும். எனவே நினைவகத்தில் பதிவது இரண்டினதும் 'அண்ட்' விடை, அதாவது இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1.

எல்லாம் இப்படிச் சாதுவல்ல. 00000010 போட்டால் அறிவுறுத்தல் முடிவதே இல்லை. ரீசெட் பண்ணும்வரை சிப் அசையாது. வேறு சிலவற்றின் விடை சிப்புக்குச் சிப், வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும்.

இன்டெலின் 8085 புரொசசர் வேறு கதை. அதில் 10 அறிவுறுத்தல்களை வடிவமைத்துச் சிப்பிலும் வைத்துவிட்டு, கையேட்டில் மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

6502இன் மேம்பட்ட வடிவமாகப் பின்னர் வந்த 65சி02 மிச்சக் குறியீடுகளில் சிலவற்றுக்குப் புது வேலை கொடுத்து, மற்றவற்றை எதுவும் செய்யாதவையாக்கியது. ஆனால் பழைய வகைச் சிப்போடு வந்த கொமடோர் 64 வீட்டுக் கணினிக்கு எழுதியவர்கள் வேகத்துக்காகக் கையேட்டில் இல்லாத குறியீடுகளைப் பயன்படுத்தினார்கள். பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர் எழுதப் பார்க்கும் பிள்ளைகளே, 151ஓடு நிறுத்திவிடாதீர்கள். சில பழைய கேம்கள் பாதியில் நின்றுவிடும்.