மிதிச்சது அவரு, சாரி சொல்றது நாம

தண்டையார்பேட்டைல ஷேர் ஆட்டோல ஏறுறோம், பக்கத்துல உக்காந்தவரு நம்ம கால மிதிக்கிறாரு, நாமதான் "சாரிண்ணா"ன்னு கால உள்ள இழுத்துக்கிறோம். எம்.சி. ரோட்ல துணி எடுக்கப் போயி நாலு சுடிதார் பிரிக்கச் சொல்லி எதுவும் புடிக்கலன்னா, கடை அக்காகிட்ட வாசல் வரைக்கும் சாரி. அது அவங்க டெய்லி பாக்குற வேலை, நம்ம மூஞ்சி கூட ஞாபகம் இருக்காது.

இத நல்ல குணம்னு சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. எதிர்ல இருக்கிறவங்க முகம் லேசா மாறுனாலே உள்ள படபடன்னு வருது, சாரின்னு சொன்னதும் அவரு "பரவால்லப்பா"ன்னுடுவாரு, படபடப்பு டக்குனு இறங்குது. அந்த நிம்மதிதான் மூளைக்குப் பரிசு, அதனால அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா சாரி வரும். சைக்காலஜில இதுக்கு நெகட்டிவ் ரீயின்ஃபோர்ஸ்மென்ட்னு பேரு, நிறைய பேரு அத தண்டனைன்னு நினைச்சுக்கிறாங்க, கிடையாது, ஒரு தொல்லை விலகுறதால பழக்கம் ஊறிப்போறது. இதுல மோசம் என்னன்னா, சாரி சொல்லாம விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு மூளைக்குத் தெரிய வாய்ப்பே கிடைக்கறதில்ல.

பொம்பளைங்கதான் அதிகமா சாரி கேக்குறாங்கன்னு ஒரு பேச்சு இருக்குல்ல, கனடால வாட்டர்லூ யுனிவர்சிட்டில ஷூமன், ராஸ்னு ரெண்டு பேரு ஆளுங்கள தினமும் டைரி எழுத வெச்சுப் பாத்தாங்க, 2010-ல பேப்பர் வந்துச்சு. பேச்சு உண்மைதான், ஆனா தப்புன்னு தோணுனதுக்கு சாரி கேக்குற அளவு ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பொம்பளைங்களுக்கு நிறைய விஷயம் தப்பா தெரியுது, அவ்ளோதான். அதனால வாய அடக்கிப் பிரயோஜனம் இல்ல, எது தப்புங்கற கணக்கதான் மாத்தணும்.

எல்லா வெட்டி சாரியும் வேஸ்ட்டும் இல்ல. மழை நாள்ல ரயில் ஸ்டேஷன்ல தெரியாதவங்ககிட்ட போன் கேட்டுப் பாத்த ஒரு ஆராய்ச்சில, சும்மா கேட்டப்போ 9 சதவீதம் பேருதான் குடுத்தாங்க, "மழைக்கு சாரிங்க"ன்னு ஆரம்பிச்சுக் கேட்டப்போ 47 சதவீதம். அது அவங்க கஷ்டத்தப் பாத்து வந்த சாரி, நம்ம பயத்துல வர்றது வேற.

விடணும்னா சின்ன இடத்துல ஆரம்பிங்க. ஆட்டோல மிதிபட்டா கம்முனு இருங்க, படபடப்பு ஏறும், ஏறுனது கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும், மூளைக்கு வேண்டிய பாடம் அதுதான். லேட்டா போனா "வெயிட் பண்ணதுக்கு தேங்க்ஸ்பா" போதும். நிஜமா தப்பு பண்ணிருந்தா ஒரே சாரி, தெளிவா.

ஆனா வீட்ல நெஜமாவே கை நீட்டுற ஆள் இருந்து அதுக்குப் பயந்து சாரி சொல்றவங்க, இந்த பயிற்சிய அங்க பண்ணாதீங்க, அங்க சாரி சொல்றதே ஒரு பாதுகாப்பு. மனசு விட்டுப் பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணலாம், ஃப்ரீதான், தமிழ்லயே பேசுவாங்க.