குக்கி ஸ்வாப்: வேரும் பொருளும், தமிழில் ஒரு பெயரும்

குக்கி ஸ்வாப் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அமெரிக்க வீடுகளில் நடக்கும் ஒரு சின்ன விருந்து. அழைக்கப்பட்டவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு வகைக் குக்கியை நிறையச் சுட்டு எடுத்து வருவார்கள். கிளம்பும்போது எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவில் போட்டுக்கொண்டு போவார்கள். ஏழெட்டு வகை சுடுகிற வேலையை ஏழெட்டுப் பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். குக்கி எக்ஸ்சேஞ்ச் என்றும் சொல்வதுண்டு. கனடாவிலும் இந்த வழக்கம் இருக்கிறது.

‘குக்கி’ டச்சுக்காரர்கள் கொடுத்த சொல். அவர்கள் மொழியில் ‘கூக்’ என்றால் கேக். ‘கூக்யே’ என்றால் குட்டிக் கேக். இன்றைய நியூயார்க் ஒருகாலத்தில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சுக் குடியேற்றம். 1664-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துப் பெயரை மாற்றினார்கள். அடுப்படிச் சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் அமெரிக்கர் குக்கி என்பதை பிரிட்டனில் பெரும்பாலும் பிஸ்கட் என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் போய்க் குக்கி கேட்டால் சாதாரண பன் கிடைக்கலாம்.

அமெரிக்காவின் முதல் சொந்தச் சமையல் நூல் என்று சொல்லப்படும் அமீலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ 1796-இல் வந்தது. அதில் ‘கிறிஸ்துமஸ் குக்கி’க்கு ஒரு குறிப்பு இருக்கிறது. 3 பவுண்டு மாவுக்கு ஒரு தேநீர்க் கோப்பை நிறைய மல்லித்தூள்! ஆம், நாம் குழம்புக்கு அரைக்கும் அதே தனியா. வெண்ணெய், சர்க்கரை, பால் எல்லாம் உண்டு. சுட்டதும் கல் மாதிரி இருக்கும், மண்சாடியில் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் மெத்தென்று ஆகிவிடும் என்கிறார் அந்த அம்மா. கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் ஜூனிலேயே அடுப்பு மூட்ட வேண்டும்.

‘ஸ்வாப்’ கதை வேறு. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு ‘அடி’ என்று பொருள். பேரம் படிந்ததும் ஒருவர் கையில் ஒருவர் அடித்து முடிப்பது வழக்கம். அதிலிருந்து மாற்றிக்கொள்வது என்ற பொருள் வந்தது. கையில் அடித்துச் சத்தியம் வாங்குகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதல் பாதிக்கு ‘பிஸ்கட்’ போடலாம்தான். ஆனால் லத்தீன் வேரில் அதற்கு ‘இருமுறை சுட்டது’ என்று பொருள். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த பிஸ்கோத்தும், இலங்கைத் தமிழரின் விசுக்கோத்தும் அதே வேர்தான். ஈரட்டி என்று ஒரு தமிழாக்கமும் உண்டு. அதில் உள்ள ‘ஈர்’ இரண்டைக் குறிக்கும். குக்கியோ பெரும்பாலும் ஒரே தடவை சுடுவது. மாச்சில் என்பது அழகான சொல், ஆனால் கடையில் கேட்டால் முழிப்பார்கள். என்னைக் கேட்டால் குக்கியைக் குக்கியாகவே விட்டுவிடலாம். உலாவியில் ‘குக்கீகளை ஏற்கவா?’ என்று தினமும் நச்சரிப்பதும் இதே சொல்தான்.

இரண்டாம் பாதியில்தான் கவனம் வேண்டும். ‘கைமாற்று’ என்றால் கடன் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். ‘கொடுக்கல் வாங்கல்’ வட்டிக்கடை வாசனை அடிக்கும். ‘பண்டமாற்று’ கிட்டத்தட்டப் பொருந்துகிறது, தின்பண்டமும் பண்டம்தானே. ஆனாலும் அதில் சந்தை வாடை இருக்கிறது: இத்தனை படி நெல்லுக்கு இத்தனை படி உப்பு என்ற கணக்கு. குக்கி ஸ்வாப்பில் எண்ணிக்கை மட்டும்தான் சமம். மூன்று மணி நேரம் உருட்டி, அச்சு வைத்து வெட்டி, ஐசிங் பூசிய இஞ்சிக் குக்கியும், அரைமணியில் முடிந்த வேர்க்கடலைக் குக்கியும் ஒரே மதிப்புக்குத்தான் கைமாறும். யாரும் முகம் சுளிக்கக் கூடாது (மனசுக்குள் சுளிப்பது வேறு).

ஆகவே என் தேர்வு ‘பரிமாற்றம்’. கருத்துப் பரிமாற்றம் என்கிறோம், சோறு பரிமாறு என்றும் சொல்கிறோம். மாற்றிக்கொள்வதும் படைப்பதும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. இந்த விருந்திலும் இரண்டும் நடக்கின்றன: முதலில் தட்டில் வைத்து ருசி பார்ப்பார்கள், அப்புறம்தான் டப்பா நிரப்புவார்கள்.

நம் ஊர்களில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டு வீடு வீடாகப் போவதை இதோடு சேர்க்க வேண்டாம். அச்சுமுறுக்கை ஆங்கிலத்தில் ரோஸ் குக்கி என்பார்கள் என்றாலும், அந்தத் தட்டு அன்பளிப்பு. பதிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அனுப்புவோம். பரிமாற்றத்தில் வெறுங்கையோடு போக முடியாது.

கணக்கு இப்படி: எட்டுப் பேர், ஒவ்வொரு வகையிலும் ஆளுக்கு 6 என்றால், ஒவ்வொருவரும் 48, அதாவது 4 டஜன் கொண்டுவர வேண்டும். ருசி பார்க்க இன்னும் ஒரு டஜன். யார் என்ன சுடுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளாவிட்டால் எட்டு டப்பாவிலும் சாக்லேட் சிப்தான் வந்து நிற்கும். மொறுமொறு வகையையும் மெத்து வகையையும் ஒரே டப்பாவில் போட்டால் மொறுமொறுப்பு போய்விடும். புதினா வகைக்குத் தனி டப்பா, இல்லையென்றால் எல்லாமே பற்பசை மாதிரி மணக்கும். கொட்டைப்பருப்பு சேர்த்திருந்தால் சீட்டு எழுதி ஒட்டுவது கட்டாயம்.

சொற்றொடரில்: “ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் வீட்டில் குக்கி பரிமாற்றம். ஒரே வகை, 5 டஜன். செய்முறையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், காலி டப்பாவை மறக்காதீர்கள்.”