மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

பாட்டுக் கச்சேரியோ, சபையின் பாடகர் குழுவோ, சுருதி சேர்க்கும்போது நம் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கட்டை?" என்பதுதான். ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நாலு, நாலரை என்று பதில் வரும். மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள், நடுவிலுள்ள கறுப்புக்கு அரை. அதில் மூன்றரை என்று ஒரு கட்டையே கிடையாது. மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதற்கும் நடுவில் கறுப்பு இல்லை. ஏழாவதற்கும் அடுத்த ஸ்தாயியின் முதல் கட்டைக்கும் நடுவிலும் இல்லை.

பியானோவுக்கான ஸ்டாஃப் நோட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் இசையை எழுதும் முறையைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு, இந்த இல்லாத மூன்றரைக் கட்டைதான் கதவைத் திறக்கும் சாவி என்று நினைக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையின் கொயரில் பல வருடம் பேஸ் குரலில் பாடியிருக்கிறேன். ஸ, ரி, க போல டோ, ரே, மீ என்று சொல்லிச் சொல்லியே பாட்டைப் பிடித்துக்கொள்வேன். ஐந்து கோட்டைப் படித்தது பின்னால்தான், மகள் கீபோர்டு வகுப்பில் சேர்ந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து.

முதலில் தாளை ஒரு படமாகப் பாருங்கள். ஐந்து கோடு, அவற்றுக்கு நடுவே நான்கு இடைவெளி. கோட்டில் ஒரு புள்ளி, அடுத்தது இடைவெளியில், மறுபடி கோட்டில் என்று ஏணிப்படி போல மாறி மாறி ஏறும். ஒரு படி ஏறினால் பியானோவில் வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கட்டை நகர வேண்டும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். தாளில் மேலே என்பது கையில் வலம் என்ற மாற்றம்தான் முதல் சில வாரங்கள் மூளையைக் களைப்பாக்கும். தாளை வலஞ்சுழியாகக் கால்வட்டம் திருப்பிப் பார்த்தால் சட்டென்று புரியும். ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்கும், உயர்ந்த சுரங்கள் எல்லாம் வலப்பக்கம் வந்துவிடும். பியானோவின் கட்டைகளும் அப்படித்தானே அடுக்கியிருக்கின்றன.

இப்போது மூன்றரைக்கு வருவோம். ஏணியின் படிகள் தாளில் ஒரே உயரம். காதில் அப்படி இல்லை. மேற்கத்திய முறையில் கட்டைகளுக்கு எழுத்துதான் பெயர்: ஒரு கட்டை சி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. பியானோவின் நடுவிலுள்ள சி, அதாவது ஒரு கட்டை, நொடிக்கு சுமார் 261.6 முறை அதிர்கிறது. இரண்டு கட்டை 293.7 முறை. ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல். மூன்று கட்டை 329.6, மீண்டும் 12 சதவீதம். நாலு கட்டையோ 349.2தான், 6 சதவீத ஏற்றம். இந்த 6 சதவீதம்தான் பியானோவின் மிகச் சிறிய அடி. இத்தகைய 12 அடிகள் வைத்தால் அதிர்வு சரியாக இரட்டிப்பாகி அடுத்த ஸ்தாயி வந்துவிடும். மூன்றிலிருந்து நாலு ஏற்கெனவே ஒரே அடியாக இருப்பதால் நடுவில் அரைக்கட்டைக்கு இடமில்லை. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஒரு கட்டையை ஸட்ஜமாக (ஸ) வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் அது சங்கராபரண ராகம். அதில் காந்தாரமும் மத்தியமமும் நெருக்கம், நிஷாதமும் மேல் ஸட்ஜமும் நெருக்கம்.

அப்படியானால் இந்த ஏணியை ஏன் 12 படியாக வரையவில்லை? கோடுகள் பிறந்தது பியானோவுக்காக அல்ல, பாடுபவர்களுக்காக. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டினால் வெவ்வேறு ஓசைகள் எழும். எந்தத் தூணை, எதற்கு அடுத்து, எவ்வளவு நேரம் விட்டுத் தட்ட வேண்டும் என்று கல்லில் எழுதியில்லை. அதைச் சொல்வதுதான் இசைக்குறிப்பின் வேலை. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துக் கீதோ என்ற துறவி, தேவாலயச் சிறுவர்கள் கேட்டறியாத பாட்டையும் பார்த்தே பாட வேண்டும் என்று கோடுகளை ஒழுங்குபடுத்தினார். எஃப், சி என்ற இரண்டு சுரங்களின் கோடுகளுக்கு வண்ணம் தீட்டினார். இரண்டுமே அந்தக் குறுகிய அடி முடிகிற இடங்கள். யோவான் ஸ்நானகனைப் போற்றும் லத்தீன் பாட்டில் முதல் ஆறு வரிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே தொடங்கும். அந்த வரிகளின் முதல் அசைகளிலிருந்துதான் ரே, மீ, ஃபா வந்தன. அவர்கள் பாடியது பெரும்பாலும் ஏழு சுரத்துக்குள். ஆகவே ஏணியும் ஏழு படி.

கறுப்புக் கட்டைகளை வரியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஐந்து கட்டையை ஸட்ஜமாக வைத்தால், அதற்கு ஒரே அடி கீழே இருக்கும் நிஷாதம் (நி) நாலரைக் கட்டையில் விழும். அதனால் எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் குறி, அதாவது ஓர் அடி உயர்த்து என்ற அடையாளம். அந்த வரி முழுக்க எஃப் வந்தால் நாலரையைத்தான் தொட வேண்டும். எங்களைப் போன்ற கொயர்காரர்கள் இடறும் இடமும் இதுதான். எங்கள் டோ பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். கோடு மாறாது, அது கட்டையோடு கட்டப்பட்டது.

பியானோத் தாளில் ஐந்து கோடு கொண்ட இரண்டு அடுக்குகள் இருக்கும். எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் குறி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நிற்கும்: மேலே ட்ரெபிள் கிளெஃப், கீழே பேஸ் கிளெஃப். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு, அது நடு சி. தேவைப்படும்போது மட்டும் சின்னத் துண்டாக வரைவார்கள். ஆக மொத்தம் 11 கோடு கொண்ட ஒரே ஏணி. ட்ரெபிள் குறியின் சுருள் சுற்றி நிற்கும் கோடு நடு சியிலிருந்து நாலு படி மேலே, ஜி. பேஸ் குறியின் இரு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு நாலு படி கீழே, எஃப். அப்புறம் மற்ற சி சுரங்கள்: ட்ரெபிளில் மேலிருந்து இரண்டாம் இடைவெளி, பேஸில் கீழிருந்து இரண்டாம் இடைவெளி. அதற்கும் அப்பால், மேலே இரண்டு துண்டுக் கோடு, கீழே இரண்டு துண்டுக் கோடு. கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே அமைப்பு. இதை முதலில் கண்டபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. இந்த ஐந்து சியும் ஜியும் எஃப்பும் மனதில் நின்றால் போதும், மற்றவற்றை அங்கிருந்து எத்தனை படி என்று அளந்துகொள்ளலாம்.

அதனால்தான் புள்ளிக்கு அடியில் பென்சிலால் ஏ, பி, சி என்று எழுதிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கண் எளிதான அடையாளத்தைத்தான் தேடும். எழுத்து இருக்கும்போது அது கோட்டைப் பார்க்காது. தமிழ் படிக்கும்போதும் நாம் "வ-ண்-டி" என்று கூட்டுவதில்லை, முழு உருவத்தைப் பிடிக்கிறோம். இசையிலும் "கோட்டிலிருந்து அடுத்த கோடு, அதாவது ஒரு கட்டையைத் தாண்டு" என்ற உருவத்தைக் கண் பிடிக்க வேண்டும். நேர அளவு இதைவிட எளிது: தண்டோடு உள்ளே வெற்றான புள்ளி நீளம், கறுத்தது அதில் பாதி, தண்டின் நுனியில் வால் வைத்தால் இன்னும் பாதி. தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

தமிழில் படிப்பதற்கும் கருவியை இசைப்பதற்கும் ஒரே சொல், வாசிப்பு. ஆனால் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1974இல் ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர், வாசித்துக்கொண்டிருக்கும்போதே இசைக்குறிப்பைத் திடீரென மறைத்துப் பார்த்தார். தேர்ந்தவர்கள் மறைந்த பிறகும் ஏழு சுரம் வரை சரியாக வாசித்தார்கள். பழக்கம் குறைந்தவர்கள் மூன்று, நாலில் நின்றார்கள். பேச்சிப்பாறை போகும் வளைவுச் சாலையில் பஸ் ஓட்டுபவர் டயரை ஒட்டிய தாரைப் பார்ப்பாரா? அடுத்த வளைவைத்தான் பார்ப்பார். கையைப் பார்க்காமல், ஒரு தாளம் முன்னால் கண்ணை ஓட்டப் பழக வேண்டும். அதற்கு வேகத்தைப் பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஒரே பாடத்தை நாலு தடவை வாசித்துவிட்டால் விரல் மனப்பாடம் செய்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வாசித்தாலும் படிக்கும் பழக்கம் வளராது. தினமும் இதுவரை பார்க்காத நாலு வரி வேண்டும். கோடு போட்ட பழைய ஞானப்பாட்டு ராகப் புத்தகம் வீட்டில் இருந்தால் நூற்றுக்கணக்கான பக்கம் கையிலேயே இருக்கிறது. மேல் கோடுகளில் சொப்ரானோவும் ஆல்டோவும், கீழ்க் கோடுகளில் டெனரும் பேஸும். நானும் மகளும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் எடுப்போம். அவள் வலது கையால் சொப்ரானோ, நான் இடது கையால் பேஸ். நேற்று அவள் எனக்கு இரண்டு தாளம் முன்னாலேயே பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.