விஆர் ஹெட்செட் வாங்குவதற்கு முன் ஒரு நடை ஐந்து ரோட்டுக்கு வாருங்கள்

“ஸ்கோர் நூத்துக்கு நூறு வருது மேடம். அப்புறம் ஏன் ரோட்டுல மட்டும் இப்படிப் பண்றான்?”

இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவர் சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஓர் அப்பா. மகனுக்குப் பதினான்கு வயது, ஆட்டிசம். அவன் போகும் வகுப்புக்கு யாரோ ஒரு விஆர் ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் நிஜம்போலவே ஒரு திரை உலகைக் காட்டும் கருவியை, நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் சாலையைக் கடக்கப் பழக்கும் சிமுலேஷன், அதாவது திரை ஒத்திகை, ஒன்று இருந்தது. பையன் ஆசையாக மாட்டிக்கொண்டான், எல்லா லெவலையும் முடித்தான், சான்றிதழ்கூட வாங்கினான். அந்தத் தைரியத்தில் அப்பா அவனைச் சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் பாலத்துக்குக் கீழே கூட்டிப்போய்க் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். பையன் இடது பக்கம் பார்த்தான், வண்டி எதுவும் இல்லை, இறங்கிவிட்டான். வலது பக்கத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தான்.

பையன் மேல் துளியும் தப்பில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தான். அந்த சிமுலேஷன் அமெரிக்கச் சாலைகளுக்காகச் செய்தது. அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், அதனால் ஓரத்தில் நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது இடது பக்கம். நமக்கு நேர்மாறு. வாங்கியவர், விற்றவர், வகுப்பில் தினமும் அதை ஓட்டிக் காட்டியவர் என்று ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இடம் வலம் ஒன்று மட்டும் என்றாலும் பரவாயில்லை. அந்தத் திரைத்தெருவில் பச்சை மனிதன் வந்தால் வண்டிகள் நின்றுவிடும். வரிக்குதிரைக் கோட்டில் காலை வைத்தாலே கார்கள் வேகம் குறையும். நடைபாதையில் பைக் ஏறாது. ஐந்து ரோட்டில் இதில் எது நடக்கிறது?

சரி, நம் ஊருக்கென்றே ஒரு சிமுலேஷன் செய்துவிட்டால் போதுமா? போதாது. பெற்றோருக்கும் பல ஆசிரியர்களுக்கும் புரிய மறுக்கும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். திரையில் எடுக்கும் ஸ்கோர், பிள்ளை அந்தத் திரையைக் கற்றுக்கொண்டான் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பல பிள்ளைகள், கற்ற ஒன்றை அதைக் கற்ற இடத்தோடும், கற்றுக்கொடுத்த ஆளோடும், கூடவே வந்த சத்தத்தோடும் சேர்த்துத்தான் பிடித்துக்கொள்வார்கள். சரியாகச் செய்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருகிறதா, அந்த ‘டிங்’ வரும்வரை தெருவிலும் காத்திருப்பார்கள். வகுப்பில் பிளாஸ்டிக் காசை வைத்து அழகாகக் கணக்குப் போடும் பெண், தட்டுவடை செட் கடையில் பத்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். நம்மைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை, அவளுக்கு அவை வேறு வேறு. இந்தச் சின்ன விஷயத்தை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும், அடுத்த வாரம் யாராவது ஸ்கோர் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் கிடையாது. 1977-லேயே ஸ்டோக்ஸ் (Stokes), பேர் (Baer) என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு, மற்ற இடங்களுக்கும் அது தானாக வந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பதே மிகப் பரவலாக நடக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். 1996-இல் டோரதி ஸ்ட்ரிக்லண்டின் குழு, ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஹெல்மெட் போன்ற கருவியை மாட்டி, திரைத்தெருவில் ‘நில்’ பலகையைத் தேடிப் போகவைத்தது. பிள்ளைகள் கருவியை ஏற்றுக்கொண்டார்கள், பலகையையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் நிஜத் தெருவில் அது கைகொடுக்குமா என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை கூடவே வருகிறது.

அப்படியானால் சிமுலேஷனால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. நேரில் பழக்க முடியாதவை, நேரில் பழக்கினால் பிள்ளை மிரண்டுவிடுபவை எல்லாவற்றுக்கும் அது அருமையான ஒத்திகை. தீ விபத்து, பல் டாக்டர் நாற்காலி, முடிதிருத்தும் கடை, முதல் ரயில் பயணம் எல்லாம் அந்த வகை. ஒத்திகைக்குப் பின் மேடை ஏற வேண்டும், அவ்வளவுதான். திரையில் ஒரு படி முடிந்தால் அதே வாரத்தில் அந்தப் படியை நேரில் செய்து பார்க்க வேண்டும். அதற்குத் திட்டம் இல்லையென்றால் ஹெட்செட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

நான் பெரும்பாலும் செய்வது இன்னும் எளிது. போனை மார்புக்கு நேராகப் பிடித்து, பிள்ளையின் கண் உயரத்தில் வைத்து, அவன் தினமும் போகும் வழியையே வீடியோ எடுக்கிறேன். புதிய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் நிற்கும் இடம், படிக்கட்டு, கண்டக்டரின் விசில், டிக்கெட் கைக்கு வரும் விதம் எல்லாம் அதில் இருக்கும். சத்தத்தை நீக்க மாட்டேன், முதலில் குறைத்து வைத்து மெதுவாகக் கூட்டுவேன். தறிச் சத்தத்துக்கு நடுவே நிம்மதியாகத் தூங்கிப் பழகிய பிள்ளைதான் பஸ் ஏர் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். எந்தச் சத்தம் யாரை நோகடிக்கும் என்று வெளியிலிருந்து யூகிக்க முடியாது.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கும் மேலே ஒரு கிராமத்தில் ஒரு சிறுமி. அங்கே டவர் கிடைக்காது, அதனால் ஆன்லைன் செயலி எதுவும் உதவாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகக் காது பரிசோதனைக்குச் சேலம் வர வேண்டும். முதல் தடவை அந்த அறையின் கனமான கதவைச் சாத்தியதுமே அலறித் துடித்துவிட்டாள். மருத்துவமனையில் அனுமதி கேட்டு, ஆள் இல்லாத நேரத்தில் அறையை வீடியோ எடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதையும் எடுத்து, மெமரி கார்டில் போட்டு அனுப்பினேன். வீட்டில் ஒரு பழைய ஹெட்போனை மாட்டிவிட்டு அம்மா பழக்கினார். சத்தம் கேட்டால் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும், கேட்காவிட்டால் கையில் வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை வந்தபோது டம்ளரும் புளியங்கொட்டையும் கூடவே வந்தன. பரிசோதகரும் நல்ல மனசோடு அதையே வைத்துக்கொண்டு சோதித்தார், முழுப் பரிசோதனையும் முடிந்தது. இதுவும் சிமுலேஷன்தான்.

ஹெட்செட் இருக்கிறது, பயன்படுத்தத்தான் போகிறோம் என்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். வலிப்பு வந்த பிள்ளைக்கு நரம்பியல் மருத்துவர் சம்மதிக்காமல் அதை மாட்டவே கூடாது. ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் உள்ள பிள்ளைகளிடம் வலிப்பு அதிகம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பள்ளியில் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து வலிப்பு மருந்தை மறைக்காதீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு தகவல் இல்லாமல் பிள்ளையை எங்களால் பாதுகாக்க முடியாது.

ஹெட்செட் அரைக் கிலோ கனம் வரும், எடை முழுவதும் முகத்துப் பக்கம். கழுத்து நிற்காத பிள்ளைக்கு வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்து எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். மெட்டா நிறுவனமே தன் ஹெட்செட்டுக்குப் பத்து வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு போட்டோ எடுத்துப் போடுகிறவர்களை என்ன சொல்வது? உட்காரவைத்தே பழக்குங்கள், முதலில் ஐந்து நிமிடம் தாண்டக் கூடாது. பிள்ளை கழற்றச் சொன்னால், பேசத் தெரியாத பிள்ளை கையால் தள்ளினால், அந்த நொடியே கழற்றுங்கள். ஒருவர் போட்டதை அடுத்தவருக்குத் துடைக்காமல் மாட்டாதீர்கள். மெட்ராஸ் ஐ காலத்தில் மொத்தமாக எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், பேனும் பரவும்.

இன்னொன்று. பேசாத பிள்ளைக்குப் பேசும் ஆப் போட்ட டேப்லட் கொடுத்தால், ‘உடைந்துவிடும்’ என்று பீரோவில் பூட்டுகிறார்கள், சேட்டை செய்தால் தண்டனையாகப் பிடுங்குகிறார்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் வாய். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலேயே கிடைக்கின்றன. அதைக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்தையும் விடுங்கள், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

வாங்கப் போகும் நிர்வாகிகள் விற்பவரிடம் கேளுங்கள்: இதில் வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? நெட் இல்லாமல் ஓடுமா? பரிசுச் சத்தத்தை நிறுத்த முடியுமா? தமிழில் பேசுமா? பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் பிள்ளைகளோடு வெளியே நடக்க ஒரு உதவியாளரை வையுங்கள். ஹெட்செட்டுக்கு ஒரே நாளில் கையெழுத்தாகிறது, பிள்ளையை பஸ் நிறுத்தம்வரை கூட்டிப்போக ‘பொறுப்பு யாருடையது’ என்று மாதக்கணக்கில் இழுக்கிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் கிடையாது. ஞாயிறு காலையில் கூட்டமும் குறைவு. அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.