உறுமும் வயலின், பாடும் கோப்பை

1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளம் வயலின் கலைஞர் வானொலியில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்பின் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ இசையைக் கேட்டார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970-ல் கிரம்ப் எழுதியது அது. அதை வாசித்தே தீருவது என்று ஹாரிங்டன் சேர்த்த நால்வர் குழுதான் குரோனோஸ் குவார்ட்டெட். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. பீத்தோவன் காலத்துக் கூட்டணிதான். ஆனால் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ இசையில் கேட்கும் உறுமலும் ஓலமும் இந்தக் கருவிகளுடையவை என்றால் முதலில் நம்ப முடியாது.

எல்லாம் உராய்வின் வேலை. ரோசின் என்ற பிசின் பூசிய வில்லை இழுத்தால் தந்தி அதோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் போகும், வழுக்கும், மறுபடி ஒட்டும். 440 ஹெர்ட்ஸ் சுருதியில் இது நொடிக்கு 440 முறை. கண்ணுக்குத் தந்தி வளைந்து ஆடுவதுபோலத் தெரியும். உண்மையில் அது இரண்டு நேர்கோடுகளாகத்தான் நிற்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டறிந்தார். அந்தக் கோடுகள் சேரும் முனை தந்தியை அழுத்தும் விரலுக்கும் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. அது வில்லைக் கடக்கும்போதெல்லாம் தந்தி விடுபடும், அல்லது மறுபடி பிடிபடும்.

இப்போது வில்லை மிக அழுத்திப் பிடியுங்கள். முனை வந்து தட்டினாலும் தந்தி விடுபடாது. கூடுதல் நேரம் கழித்தே விடும். சுற்று நீள்வதால் சுருதி இறங்கும். வயலினின் மிகத் தாழ்ந்த சுருதித் தந்திக்கும் கீழே ஓர் உறுமல் இப்படித்தான் கிடைக்கிறது. அழுத்தம் சற்றுப் பிசகினால் வெறும் கரகரப்புதான் மிச்சம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு தந்திரம். ஓரிடத்தில் கருவியை நிமிர்த்திப் பிடித்து, விரலுக்கும் பிரடைக்கும் (தந்தியை முறுக்கும் முளை) நடுவே வில் போடச் சொல்கிறார் கிரம்ப். அதிரும் பகுதி குதிரையைத் தொடவே இல்லை. அதனால் மரக்கூட்டுக்குப் போகும் ஆற்றல் சொற்பம். பஞ்சுபோன்ற விரல் நுனி உச்ச அதிர்வுகளையும் விழுங்கிவிடும். கேட்பது பழைய வயோல் கருவிகளின் மங்கிய குரல். விரலைக் குதிரைப் பக்கம் நகர்த்தினால் வழக்கமாகச் சுருதி ஏறும், இங்கே இறங்கும்! பல வருடப் பயிற்சியை விரல்கள் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பிலும் வில் ஓடுகிறது. அங்கும் அதே ஒட்டல், வழுக்கல். ஜலதரங்கம் போல, தண்ணீர் கூடினால் சுருதி தாழும். சுவரோடு சேர்ந்து நீரின் எடையும் ஆட வேண்டியிருக்கிறதே. இத்தனை மெல்லிய ஒலிகள் கடைசி வரிசைக்குப் போக மைக் வேண்டும். கிரம்ப் இதை எழுதியதும் ‘மின்’ குவார்ட்டெட்டுக்குத்தான்.

குரோனோஸ் இதை 1990-ல் ஆல்பமாக வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகளில் அவர்களுக்காக எழுதப்பட்ட புதிய படைப்புகளும் மறுவடிவங்களும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2002-ல் இசையமைப்பாளர் டெர்ரி ரைலி தந்த ‘சன் ரிங்ஸ்’ படைப்பில் வில்லுக்கு வேலையில்லாத ஒலிகளும் உண்டு. விண்கலங்கள் பதிவு செய்த பிளாஸ்மா அலைகள் அவை, அதாவது விண்வெளியின் மின்னூட்டத் துகள்களிடையே எழும் அலைகள். பலவற்றின் அதிர்வெண் நம் செவி எல்லைக்குள்ளேயே இருப்பதால், ஒலிபெருக்கியில் கொடுத்தால் அப்படியே கேட்கும்.