ஃபார்மெட் போட்டதோடு வேலை முடிந்துவிடாது: பள்ளிக்குக் கணினி கொடுப்பவர்களுக்கு

தமிழ்ப்பள்ளிக்குப் பழைய கணினி கொடுக்க வருபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “எல்லாம் ஃபார்மெட் போட்டாச்சு.” போன மாதம், செபராங் பிறைப் பக்கம் மூடப்பட்ட ஒரு கிளினிக்கிலிருந்து சில கணினிகள் வந்தன. அவற்றோடும் இதே வார்த்தை வந்தது. திறந்து பார்த்தால் புது விண்டோஸ், டெஸ்க்டாப்பில் ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். வழக்கம்போல ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அடையாள அட்டை நகல்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒரு பெண்ணின் கர்ப்ப ஸ்கேன் என்று வரிசையாக வந்து நின்றன. அந்த மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நான் சோதிக்காமல் அனுப்பியிருந்தால் அந்தக் கணினி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

கிளினிக்கை நிர்வகித்த அம்மாவுக்குப் போன் செய்தேன். “என் மகன்தான் ஃபார்மெட் பண்ணான் தம்பி, அவன் ஐடி படிக்கிறான்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனதோடு கொடுத்தவர். ஐடி படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட இதை யாரும் சொல்லித் தருவதில்லையே என்பதில்தான் கோபம்.

ஜார்ஜ்டவுனில் கணினி பழுதுபார்ப்பும் தரவு மீட்பும் என் தொழில். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஓய்வு நேரத்தில் பழைய கணினிகளையும் மானிட்டர்களையும் சரிசெய்து பள்ளிகளுக்குக் கொடுப்பது பொழுதுபோக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து அலுவலகங்கள் நல்ல நிலையில் உள்ள கணினிகளைக்கூட வெளியே தள்ளுகின்றன. இன்டெல்லின் ஏழாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். அதனால் இப்போது எங்களுக்குப் பெட்டி பெட்டியாக வருகிறது. மகிழ்ச்சிதான். அதே வேகத்தில் மற்றவர்களின் அந்தரங்கமும் வருகிறது.

சரி, ஃபார்மெட் போட்டால் என்னதான் நடக்கிறது? கணினியில் தரவைச் சேமிக்கும் வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல் மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீட்டு வாசலில் இருந்த எண் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே குடியிருப்பவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை பழையது அப்படியே கிடக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும் இதேதான்.

“புது விண்டோஸ் ஏற்றிவிட்டேனே, அதன்மேல் எழுதியாகிவிட்டதே” என்பார்கள். 500 ஜிபி வட்டில் புது விண்டோஸ் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 20, 30 ஜிபி. மீதி இடம் முழுவதும் பழைய அலுவலகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் நிறுவும்போது திரையில் வரும் ஃபார்மெட் பொத்தான் செய்வது விரைவு ஃபார்மெட். விண்டோஸுக்குள்ளிருந்து ஃபார்மெட் செய்தாலும் ‘குவிக் ஃபார்மெட்’ பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். அதை நீக்கினால்தான் முழு ஃபார்மெட் நடக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மெட் வட்டு முழுக்கச் சுழியங்களை எழுதுகிறது. சில நொடிகளில் முடிந்தால் நீங்கள் எதையும் அழிக்கவில்லை என்று அர்த்தம். ஒழுங்காக அழிப்பதற்கு, 500 ஜிபி வட்டுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பழைய வட்டு என்றால் இன்னும் கூடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள்.

“பழைய கம்ப்யூட்டரில் யார் சார் போய்த் தோண்டப் போகிறார்கள்?” என்றும் கேட்கிறார்கள். மைகாட் என்ற நம் மலேசிய அடையாள அட்டையின் (ஐசி) நகலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 12 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. கூடவே முழுப் பெயர், முகவரி, புகைப்படம். இதோடு ஒரு சம்பளச் சீட்டும் கிடைத்துவிட்டால், போலீஸ் போலவும் வங்கி அதிகாரி போலவும் பேசும் மக்காவ் மோசடிக்காரனுக்கு வேறு எதுவும் தேவையில்லை. போனில் உங்கள் ஐசி எண்ணைச் சரியாகச் சொல்கிறவனை நம் அம்மாவும் அப்பாவும் நம்பிவிடுகிறார்கள். பணம் போன பிறகு மோசடிப் புகாருக்கான 997-க்கு அழைத்துப் பதறுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண் எங்கிருந்து கசிந்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதே இல்லை.

நிறுவனங்களுக்குச் சட்டமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தேவை முடிந்த தனிநபர் தரவை அழிக்கவோ நிரந்தரமாக நீக்கவோ வேண்டும் என்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய விதிமீறலுக்கான அதிகபட்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட். தானம் செய்துவிட்டோம் என்பது இதற்குப் பதிலாகாது. ஆனாலும் அபராதத்துக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. கிளினிக்கை நம்பி ஐசியைக் கொடுத்த அந்த நோயாளியை நினைத்துச் செய்யுங்கள்.

இன்னொரு கோடிக்குப் போகிறவர்களும் உண்டு. இணையத்தில் எங்கோ படித்துவிட்டு, 35 முறை அழிக்க வேண்டும் என்று கணினியை நாள்கணக்கில் ஓட்ட விடுகிறார்கள். அந்த 35 என்பது பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் புழங்கிய வெவ்வேறு வகை வட்டுகளை எல்லாம் சேர்த்துச் சொன்ன எண் அது, இன்றைய வட்டுக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பிறகு தெளிவுபடுத்தினார். சுழலும் வட்டுக்கு முழுமையாக ஒரு முறை மேலெழுதினால் போதும். காந்தம் வைத்து அழிக்கலாம் என்கிறவர்களுக்கு: வட்டுக்கு உள்ளேயே வலுவான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன, உங்கள் ஃபிரிட்ஜ் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் ஊறப்போடுவதும் தரவை அழிக்காது. சுத்தியலால் அடித்தால் வட்டு போகும், சரி. கூடவே அதைப் பிடித்திருக்கும் சட்டம், திருகு, இணைப்பு எல்லாம் போய்விடும். மடிக்கணினி என்றால் அந்தச் சின்னச் சட்டத்தையும் இணைப்பையும் தேடி நாங்கள் அலைய வேண்டும். அது கிடைக்காமல் மூலையில் தூங்குகிற நல்ல மடிக்கணினிகள் எங்களிடம் உண்டு.

உங்கள் வட்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், வட்டை அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ் என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கணினியை அதிலிருந்து தொடங்கி, ஒரே ஒரு சுற்று அழியுங்கள். விண்டோஸிலேயே செய்ய வேண்டுமென்றால், வட்டை வேறொரு கணினியில் பொருத்தி ‘டிஸ்க்பார்ட்’ கட்டளையில் ‘கிளீன் ஆல்’ கொடுங்கள். வெறும் ‘கிளீன்’ கொடுத்தால் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் போகும். ‘ஆல்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த வட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள், இதற்கு ‘அன்டூ’ கிடையாது. இவ்வளவுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் ‘ரீசெட் திஸ் பிசி’க்குள் போய் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ எடுங்கள், அப்புறம் அமைப்புகளை மாற்றி ‘கிளீன் டேட்டா’வையும் இயக்குங்கள். அந்த இரண்டாவது பொத்தானைத் தொடாமல் விட்டால் மேலே சொன்ன கதைதான்.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வேறு சமாச்சாரம். அது தேய்மானத்தைச் சமன்செய்ய எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் மேலெழுதினாலும் எல்லா இடத்தையும் தொட்டோமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கென்று ‘செக்யூர் இரேஸ்’ கட்டளை இருக்கிறது. அலுவலக வகைக் கணினிகள் பலவற்றில் கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயோஸ் மெனுவிலேயே இதைக் காணலாம். வட்டில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை முதலிலிருந்தே போட்டிருந்தால் உங்கள் வேலை இன்னும் சுலபம்.

இதில் எதுவும் செய்ய வரவில்லையா? வட்டைப் பத்திரமாகக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தையும் திருகையும் மட்டும் ஓர் உறையில் போட்டுக் கணினியோடு கொடுங்கள். வட்டில்லாக் கணினியை நாங்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். எப்படியும் பள்ளிக்குப் போகும் முன் எஸ்எஸ்டி போடத்தான் பார்க்கிறோம், பழைய கணினி அதில்தான் உயிர் பெறுகிறது.

அலுவலகத்தில் வைத்திருந்த பெரிய நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றிலும் ஹார்ட் டிஸ்க் உண்டு. அதையும் மறக்காதீர்கள்.

நிறுவன மடிக்கணினி கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயோஸ் கடவுச்சொல்லை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நிறுவன நிர்வாகப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் ஏற்றியதும் உங்கள் நிறுவனத்தின் பெயரைக் காட்டி உள்ளே விடாது. ஆப்பிள் கணினி என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறியே ஆக வேண்டும். ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகு அந்தக் கடவுச்சொல்லைத் தேடி அலைவது பெரும் பாடு. சார்ஜரையும் மின்கம்பியையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மானிட்டரில் தரவு இல்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சரிசெய்ய ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கியவுடன் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் மின்வழங்கிக்குள் நேர் மின்னோட்டமாகும்போது அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக் போன பிறகும் சிறிது நேரம் இருக்கும். மீட்டர் வைத்து அளந்துவிட்டுக் கை வையுங்கள். எல்சிடி மானிட்டரில் அடிக்கடி வருவது வீங்கிய கெப்பாசிட்டர். சில ரிங்கிட்டில் முடிகிற வேலை, கற்றுக்கொள்ள நல்ல இடம். எல்ஈடிக்கு முந்தைய மானிட்டர்களின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் உண்டு, உடைக்காமல் கையாளுங்கள். பெரிய கண்ணாடிக் குழாய் மானிட்டரைக் கொண்டுவராதீர்கள். அதற்குள் பல்லாயிரம் வோல்ட், கண்ணாடியில் ஈயம். மின்னணுக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ110 என்ற திட்டமிடப்பட்ட கழிவு, அனுமதி பெற்ற சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டியது. பள்ளி ஸ்டோர் ரூம் அதற்கு இடமில்லை.

எங்களைப் போல மற்ற ஊர்களிலும் குழுவாகச் செய்கிறவர்கள், கொடுப்பவர் சொன்னார் என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வரும் ஒவ்வொரு வட்டையும் நீங்களே மறுபடி அழியுங்கள். சோதிக்கும்போது ஏதாவது கண்ணில் பட்டால், இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த கோப்பைத் திறக்க நமக்கு உரிமை இல்லை. படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், எச்சரிக்கைக்காக என்று சொல்லிக்கொண்டு போடுவதும் தவறுதான். அழித்த தேதியையும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, நேரடியாகக் கணினி வாங்கும்போது இந்தத் தாளைக் கேளுங்கள். இலவசமாகக் கொடுக்கிறவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். தாள் இல்லையென்றால் கணினி லேப்புக்குள் போக வேண்டாம், முதலில் எங்களைப் போன்ற யாரிடமாவது காட்டுங்கள். ஏற்கெனவே லேப்பில் இருக்கும் கணினியில் யாருடைய மின்னஞ்சலோ, ஆவணமோ திறந்துகொண்டால், உடனே கணினியை அணைத்து, இணையக் கம்பியைக் கழற்றி, மாணவர் யாராவது பென் டிரைவில் எடுத்திருக்கிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள். பிறகு கொடுத்தவருக்குப் போன் செய்து, எந்தக் கணக்கு திறந்திருந்தது என்று சொல்லி, கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.