பெயர் ஒன்று, பெட்டி வேறு

நாமக்கல்லில் பழைய கார் விற்கும் ஒருவரின் கொட்டகையில் இரண்டு டொயோட்டா ஃபார்ச்சூனர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று 2014-ஆம் ஆண்டு வண்டி, மற்றது 2017. இரண்டும் டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கர இயக்கம். என் மைத்துனருக்குக் கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் நான்கைந்து நாள் மலை ஏறி இறங்குகிறவர். "பழையது 3 லிட்டர் எஞ்சின், புதியது 2.8 லிட்டர்தான். ஆனால் இழுவிசை புதியதில்தான் அதிகமாம். கொஞ்சம் கூடக் கொடுத்துப் புதியதையே எடுத்துவிடலாமா மாமா?" என்றார்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். 2009 முதல் இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை வண்டியின் இழுவிசை (டார்க்) 343 நியூட்டன் மீட்டர். 2016 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறை மேனுவல் வண்டியில் அது 420. ஆனால் மலை ஏறி இறங்குகிறவருக்கு இந்த எண்களைவிட முக்கியமான வேறுபாடு வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி அது. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு வண்டிகளிலும் அந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் வேறு.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு பாதைகளில் போகின்றன. உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் என்பது பலருக்கும் தெரியும். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட எப்போதும் அதிக தூரம் ஓடுகின்றன என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். திருப்பத்தில் பின் சக்கரங்கள் உள்ளே ஒதுங்கி, குறுக்கு வழியில் வருகின்றன. ஈர மண்ணில் வண்டியைத் திருப்பிவிட்டு இறங்கிப் பாருங்கள், நான்கு தடங்கள் தனித்தனியாகத் தெரியும்.

எவ்வளவு வித்தியாசம்? இந்த வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய 2.75 மீட்டர். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து அரை வட்டம் அடித்தால் முன் சக்கரங்கள் சராசரியாக 16 மீட்டர் ஓடுகின்றன, பின் சக்கரங்கள் பதின்மூன்றரை. டயரின் சுற்றளவு 2.4 மீட்டர்தான். ஆக, ஒரே திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாக உருள வேண்டும். வளைவு சற்று அகலமாக இருந்தால் அரைச் சுற்றுக்கு மேல். இடப்பக்கம் திரும்பியதில் சேர்ந்த வித்தியாசம் வலப்பக்கம் திரும்பும்போது கழிந்துவிடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரங்களுக்கே அதிக ஓட்டம். 70 வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேரும்போது இது 40 சுற்றுகளைத் தாண்டிவிடும்.

அந்தச் சுற்றுகளுக்கு எங்கே இடம் கொடுப்பது என்பதில்தான் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன.

2017 வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே தள்ளும். டாஷ்போர்டில் உள்ள திருகைத் திருப்பினால் பெட்டிக்குள் முன் அச்சுக்குப் போகும் தண்டும் பின் அச்சுக்குப் போகும் தண்டும் இறுகக் கோத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும், விட்டுக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை. சேற்றிலும் சரளையிலும் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்கிறது. காய்ந்த தார்ச் சாலை டயரை வழுக்க விடாது. அப்போது வித்தியாசம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காக ஏறுகிறது. முறுக்கு தாங்க முடியாத அளவை எட்டியதும் ஏதாவது ஒரு டயர் வெடுக்கென்று துள்ளி அதை விடுவிக்கும். துள்ள இடமில்லாமல் முறுக்கு ஏறிக்கொண்டே போனால் பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று தேயும், அல்லது உடையும்.

2014 வண்டி எப்போதும் நான்கு சக்கரங்களாலும் ஓடுவது. இதில் இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல், அதாவது இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுப்பு, இருக்கிறது. அச்சுகளில் ஒவ்வொன்றும் இருக்க, மூன்றாவதாக இது. தராசின் நடு முள்ளைப் போல ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைய இடம்கொடுத்து, சுழற்சியை இரண்டு அச்சுகளுக்கும் பங்கிடுகிறது. அதனால் காய்ந்த தாரிலும் கொண்டை ஊசி வளைவிலும் முறுக்கு ஏறாது.

மலைச் சாலையில் இதன் அருமை மழை நாளில் தெரியும். ஒரு டயர் சாலையைப் பற்றும் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியைத் தள்ளவும், வளைவில் வெளியே போய்விடாமல் பிடித்துக்கொள்ளவும் அதே வலுவைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஈரமான ஏற்ற வளைவில் பின் சக்கரங்கள் இரண்டே முழுத் தள்ளலையும் சுமந்தால், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள அவற்றிடம் மிச்சம் குறைவு. நான்கு டயர்கள் அந்தச் சுமையைப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் மிச்சம் இருக்கும். புதிய வண்டியிலும் ஈரத்தில் திருகைத் திருப்பிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கொல்லிமலைச் சாலை ஒரே சீராக நனைந்து கிடப்பதில்லை. ஒரு வளைவில் பாறையிலிருந்து நீர் கசியும், அடுத்த வளைவு காய்ந்திருக்கும். வளைவுக்கு வளைவு யார் திருப்பிக்கொண்டிருப்பது?

மூன்றாவது டிஃபரன்ஷியலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எதிர்ப்பு எங்கே குறைவோ அங்கே சுழற்சி ஓடிவிடும். ஒரே ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து சுழல ஆரம்பித்தால் மற்ற மூன்றும் சும்மா நிற்க நேரலாம். அதற்காகத்தான் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். பூட்டிவிட்டால் பழைய வண்டியும் புதியதைப் போல இறுகிய பெட்டிதான். தாழ்வேகப் பல்லும் இரண்டிலும் உண்டு. வேகத்தை ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காக்கி, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டுகிறது.

பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண் தரையில் 2014 வண்டியை முதலில் பூட்டாமல், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தில் சுற்றினோம். வெண்ணெயாகச் சுற்றியது. பூட்டிவிட்டு அதே வட்டத்தைச் சுற்றியபோது வண்டி கையைப் பிடித்து இழுத்ததுபோல் தயங்கியது. முன் டயர் மண்ணை ஒதுக்கிச் சிறு வரப்பாகக் குவித்தது. அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் பூட்டு விழவில்லை என்று அர்த்தம். 2017 வண்டியில் திருகைத் திருப்பினோம். டாஷ்போர்டில் அதற்கான விளக்கு நெடுநேரம் மினுக்கிக்கொண்டே இருந்து, பிறகுதான் நிலைத்தது. வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். மாதம் ஒரு முறையாவது சேர்த்து ஓட்டாவிட்டால் இந்த இணைப்பு இறுகிப்போகும்.

டயர்களையும் குனிந்து பார்த்தேன். பழைய வண்டிக்குப் பின்னால் இரண்டு புதிய டயர், முன்னால் தேய்ந்த இரண்டு. விற்பவர் அதை ஒரு சிறப்பாகச் சொன்னார். டயர் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் சக்கரம் ஐந்து சுற்று கூடுதலாக ஓடும். நேர்ச்சாலையில்கூட நடு டிஃபரன்ஷியலுக்கு ஓய்வு கிடையாது. நான்கு டயரையும் ஒன்றாக மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொன்னோம்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒன்றைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்க வைப்பது பழையதில் டைமிங் பெல்ட், புதியதில் சங்கிலி. பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரசீது இல்லை.

சென்னைக்கும் கோவைக்கும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவராக மைத்துனர் இருந்திருந்தால் யோசிக்காமல் 2017-ஐ எடுக்கச் சொல்லியிருப்பேன். மலைக்கு 2014-தான் என்றேன். பெல்ட்டுக்கும் டயருக்குமான தொகையைக் குறைத்துக்கொண்டு முன்பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை தூறல். மேலே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்: "மாமா, கசிவு இருக்கிற அந்த வளைவில் இதுவரை ஓட்டிய வண்டி வழக்கமாகப் பின்பக்கம் ஒதுங்கும் இல்லையா, இன்றைக்கு அசையவே இல்லை."